தலைப்பட்டை காட்டும் அலையில் எது மூளை, எது தாடை?

பட்டையை நெற்றியில் மாட்டி, புளூடூத்தை இணைத்ததும் செயலி "கவனம் 72" என்கிறது. பல்லை ஒருமுறை இறுகக் கடித்துப் பாருங்கள், எண் தாவும். புருவத்தைச் சுளித்தால் மறுபடி தாவும். அந்த நொடியில் உங்கள் கவனம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அசைந்தது தாடைத் தசையும் நெற்றித் தசையும்தான். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் இ.இ.ஜி (மூளையின் மின் அலையை அளக்கும்) கருவிகளைப் புரிந்துகொள்ள இந்தச் சின்ன விளையாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. கருவி தோலுக்கு வந்து சேரும் மின்சாரம் எல்லாவற்றையும் அளக்கிறது, மூளையிலிருந்து வருவது அதில் ஒரு சிறு பங்கு. எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது உபயோகப்படும்.

அலை எங்கிருந்து வருகிறது

மூளையின் மேற்புறணியில் பிரமிடு வடிவ நரம்பணுக்கள் ஒரே திசை பார்த்து, நெருக்கமாக அடுக்கி நிற்கின்றன. ஒரு நரம்பணு இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும்போது அதன் சவ்வில் மின்னழுத்தம் சற்றே ஏறி இறங்கும். ஒற்றை அணுவின் ஏற்ற இறக்கம் வெளியே தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால்தான் அதன் கூட்டுத்தொகை மண்டையோட்டையும் தோலையும் தாண்டி மேலே வரும். மண்டையோடு மின்சாரத்தைச் சுலபமாக விடாது, வழியிலேயே மங்கலாக்கிப் பரப்பிவிடும். எனவே ஓர் எலக்ட்ரோடு (தோலில் படும் மின் தொடர்பு) பார்ப்பது அதற்கு நேர் கீழே உள்ள ஒரு புள்ளியை அல்ல, பல சென்டிமீட்டர் பரப்பின் கலவையை. அதிலிருந்து ஒரு சொல்லையோ நினைவையோ படித்துவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

தலைத்தோலுக்கு வந்து சேரும்போது இந்த அலையின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மார்பில் அளக்கும் இதயத் துடிப்பு சுமார் 1,000 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல், 50 மைக்ரோவோல்ட் மூளை அலையைவிட 30,000 மடங்கு பெரியது. இனி வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் இந்த விகிதம்தான் காரணம்.

இவ்வளவு சின்ன அலையை மனிதத் தலையிலிருந்து முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924-ல், வெளியிட்டது 1929-ல். கண்ணை மூடினால் நொடிக்குச் சுமார் பத்து முறை எழும் அலை ஒன்று தோன்றுவதையும், கண்ணைத் திறந்தால் அது அடங்குவதையும் அவர் கண்டார். அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார். 1934-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மேத்யூஸும் அதையே செய்து காட்டிய பிறகுதான் பலர் நம்பினார்கள். உங்கள் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் அதே சோதனைதான் சிறந்தது. அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

கருவிக்குள் என்ன இருக்கிறது

மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு. ஆகவே ஒரே ஒரு சேனல், அதாவது ஓர் அலைக்கோடு, வேண்டுமென்றாலும் தோலில் மூன்று தொடர்புகள் தேவை. ஒன்று அளக்கும் எலக்ட்ரோடு. இரண்டாவது ரெஃபரன்ஸ், எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது. மூன்றாவது கிரவுண்டு அல்லது பயாஸ், உடம்பு முழுவதும் ஏறியிருக்கும் பொதுவான மின் இரைச்சலை அடக்க உதவுவது. காதில் மாட்டும் கிளிப்பைப் பலர் அலங்காரம் என்று நினைத்து அலட்சியமாக மாட்டுகிறார்கள். அது நழுவினால் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும். திரையில் எல்லா வரிகளும் ஒரே மாதிரி ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது ரெஃபரன்ஸைத்தான்.

எலக்ட்ரோடுகளின் இடத்துக்கு 10-20 முறை என்று ஒரு பெயரிடல் உண்டு. மூக்கு வேருக்கும் பின்மண்டை மேட்டுக்கும் இடையிலான தூரத்தை 10, 20 சதவீதங்களாகப் பிரித்துப் புள்ளி வைப்பதால் அந்தப் பெயர். எஃப் முன்பக்கம், சி நடுப்பக்கம், பி உச்சிக்குப் பின்பக்கம், ஓ பிடரிக்கு மேல், டி பொட்டுப்பக்கம். ஒற்றைப்படை எண் இடது, இரட்டைப்படை வலது, இசட் நடுக்கோடு. இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால், விளம்பரம் என்ன சொன்னாலும் ஒரு கருவியால் எது முடியும், எது முடியாது என்று நீங்களே கணித்துவிடலாம்.

நியூரோஸ்கை மைண்ட்வேவ் இடது நெற்றியில் எஃப்பி1 என்ற ஒரே இடத்தில் அளக்கிறது. ரெஃபரன்ஸ் இடது காது மடலில். மியூஸ் பட்டைக்கு நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு, ஆக நான்கு சேனல்கள். ரெஃபரன்ஸ் நடுநெற்றியில். எமோட்டிவ் எபாக்கில் உப்புநீரில் நனைத்த பஞ்சுகளோடு 14 சேனல்கள், பின்மண்டையின் ஓ1, ஓ2 உட்பட. ஓப்பன்பிசிஐ சைட்டன் பலகைக்கு 8 சேனல்கள், எலக்ட்ரோடை எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம். கை அசைவைக் கற்பனை செய்து பொம்மைக் காரை ஓட்ட ஆசைப்படுபவருக்கு சி3, சி4 தேவை. முதல் மூன்று கருவிகளிலும் அந்த இடங்களில் எலக்ட்ரோடே கிடையாது.

எலக்ட்ரோடிலிருந்து அலையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து டிஜிட்டல் மாற்றி, அங்கிருந்து புளூடூத் அல்லது வேறு ரேடியோ. சைட்டனில் இருக்கும் ஏடிஎஸ்1299 சிப் 24 பிட்டில் அளக்கிறது. 24 மடங்கு பெருக்கத்தில் அதன் ஒரு படி ஏறக்குறைய 0.022 மைக்ரோவோல்ட். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் சிப்பின் சொந்த இரைச்சலே மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே சுமார் 1 மைக்ரோவோல்ட். அதனால் பிட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். தோலும் எலக்ட்ரோடும் சேரும் இடத்தில் பிரச்சினை இருந்தால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை.

சாம்பிள் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, 128, 200, 250, 256 ஹெர்ட்ஸ் என்று கருவிக்குக் கருவி மாறும். அதில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள்தான் சரியாகத் தெரியும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பார்க்க இவை எல்லாமே போதும்.

மாட்டும் விதம்

தோலின் மேலடுக்கு இறந்த செல்களும் எண்ணெயும் சேர்ந்த படலம், மின்சாரத்துக்குத் தடை. மருத்துவமனைகளில் பசை தடவி இந்தத் தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவார்கள். உலர் எலக்ட்ரோடில் அது நூற்றுக்கணக்கான கிலோ ஓமாக இருக்கும். நல்ல ஆம்ப்ளிஃபயர் அதையும் சமாளிக்கும், ஆனால் தடை ஏற ஏற சுற்றுப்புற மின் இரைச்சல் உள்ளே நுழைவதும் சுலபமாகிறது.

உலர் பட்டை என்றால் நெற்றியையும் காதுக்குப் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். முகப்பூச்சோ கிரீமோ இருக்கக் கூடாது. எலக்ட்ரோடின் மேல் விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் சிக்னல் சீக்கிரம் நிலைக்கும். முடி இடையில் மாட்டுவதுதான் பொதுவான தவறு, குறிப்பாகக் காதுக்குப் பின்னால். ஒரு விரலால் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, எலக்ட்ரோடு தோலில் தட்டையாகப் படும்படி வைக்க வேண்டும். மாட்டியதும் பதிவைத் தொடங்காதீர்கள். தோலுக்கும் உலோகத்துக்கும் இடையில் வியர்வை கொஞ்சம் ஊறி நிலைபெற மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும்.

உப்புநீர்ப் பஞ்சு அரை மணி நேரத்திலேயே காய ஆரம்பிக்கும், காயக் காயத் தடை ஏறும். அளவுக்கு மீறி நனைத்தால் வேறு சிக்கல். தண்ணீர் வழிந்து பக்கத்து எலக்ட்ரோடைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகி ஒரே அலையைக் காட்டும். கிண்ண வடிவ எலக்ட்ரோடும் பசையும்தான் எல்லாவற்றிலும் நம்பகமானவை. விலை என்னவென்றால், பிறகு தலைக்குக் குளிக்க வேண்டும்.

திரையில் தெரிவதில் மூளை இல்லாதவை

முதல் சில நாட்கள் சதவீதங்களையும் வண்ணப் படங்களையும் மூடிவைத்துவிட்டு மூல அலையை மட்டும் பாருங்கள். உயர அளவுகோலை மேலும் கீழும் 100 மைக்ரோவோல்ட் என்று வையுங்கள்.

இமைத்துப் பாருங்கள். கண்விழி ஒரு சின்ன பேட்டரி மாதிரி: முன்புறம் நேர்மின், விழித்திரைப் பக்கம் எதிர்மின். இமைக்கும்போது நெற்றியில் 100, 200 மைக்ரோவோல்ட்டுக்கு ஒரு மேடு எழுந்து அரை நொடிக்குள் அடங்கும். நடுநெற்றியை ரெஃபரன்ஸாகக் கொண்ட பட்டையில் ஒரு வேடிக்கையைக் காணலாம். இமைத்தால் ரெஃபரன்ஸே மேலே போய்விடும், அதனால் காதுக்குப் பின்னால் இருக்கும் சேனலில் அதே மேடு பள்ளமாகத் தெரியும். காது ஏன் இமைக்கிறது என்று குழம்ப வேண்டாம்.

தலையை அசைக்காமல் இடமும் வலமும் பாருங்கள். மேட்டுக்குப் பதில் படிக்கட்டு போன்ற வடிவம் வரும். நெற்றியின் இரு பக்கச் சேனல்களிலும் அது எதிரெதிர் திசையில் போகும்.

பல்லைக் கடியுங்கள். அலைக்கோடு தடித்த கம்பளி நூலாகிவிடும். தாடைத் தசையின் மின்சாரம் சுமார் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை பரவும். பீட்டா, காமா என்று செயலி சொல்லும் வேகமான அலைகளின் இடமும் அதுவே. மோசமான பகுதி இனிமேல்தான்: இந்தத் தசை இரைச்சலை 13 முதல் 30 ஹெர்ட்ஸ் ஃபில்டர் வழியாக அனுப்பினால், மறுபக்கம் அழகான பீட்டா அலைபோலவே வெளிவரும். ஃபில்டருக்கு மூளை எது, தசை எது என்று தெரியாது. தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து நடத்திய, 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, தலைத்தோலில் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் தெரிவதில் பெரும்பகுதி தசையுடையது என்று காட்டியது. நெற்றிப் பட்டை காட்டும் "காமா" எண்ணுக்கு மதிப்பே கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

மீதி சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீப்புப் பல் போல ஒரே சீரான நெருக்கமான அலை என்றால் சுவர் மின்சாரம். நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிற்கும். கோடு மெதுவாக மிதந்து ஏறி இறங்கினால் வியர்வை. நொடிக்கு ஒருமுறை ஒழுங்காக ஒரு மேடு வந்தால் எலக்ட்ரோடு பொட்டுப்பக்கத்து நாடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அரை சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பேசினால் தாடை மட்டுமல்ல, நாக்கும் தன் பங்குக்கு மெதுவான அலையைச் சேர்க்கும். திடீரென்று செங்குத்தாகத் தாவினால் எலக்ட்ரோடு அசைந்திருக்கிறது. கோடு கொஞ்ச நேரம் தட்டையாகி மீண்டும் தொடங்கினால் புளூடூத் பொட்டலங்கள் தொலைந்திருக்கின்றன.

கண்ணை மூடிப் பார்க்கும் சோதனை

மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிடுங்கள். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். முதுகு சாய்த்து உட்கார்ந்து, மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் படாமல் வாயைத் தளர்வாக வையுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி இரைச்சலைக் குறைத்துவிடும். எதிரே ஒரு புள்ளியை 60 நொடி பாருங்கள், பிறகு கண்ணை மூடி 60 நொடி. இப்படி மூன்று முறை. தூங்கிவிடக் கூடாது, தூக்கம் வந்தால் ஆல்ஃபா கரைந்துவிடும்.

பதிவை எடுத்து ஒவ்வொரு பகுதியிலும் முதல் இரண்டு நொடியை வெட்டி எறியுங்கள், அங்கே விழி அசைவு இருக்கும். 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை ஃபில்டர் செய்து, 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளை நீக்குங்கள். மீதியை 4 நொடித் துண்டுகளாக, பாதிக்குப் பாதி ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஃபூரியர் மாற்றம் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்கு) கண்டு சராசரி எடுங்கள். 256 ஹெர்ட்ஸ் கருவியில் 4 நொடி என்றால் 1,024 சாம்பிள், அதிர்வெண் துல்லியம் 0.25 ஹெர்ட்ஸ். ஒரு நொடித் துண்டு எடுத்தால் துல்லியம் 1 ஹெர்ட்ஸாகக் குறையும். படம் வேகமாக மாறவும் வேண்டும், நுட்பமாகவும் இருக்க வேண்டும் என்றால் நடக்காது. பைத்தான் தெரிந்தவர்களுக்குக் கருவியிலிருந்து தரவை வாங்க பிரெயின்ஃப்ளோவும், அலசிப் பார்க்க எம்.என்.இ நூலகமும் இலவசமாகவே கிடைக்கின்றன.

வரைபடத்தில் குறைந்த அதிர்வெண்ணிலிருந்து கோடு சரிந்துகொண்டே வரும். அது இயல்பு. கண் மூடிய பகுதியில் அந்தச் சரிவின் நடுவே 10 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு முகடு நிமிர்ந்து நிற்க வேண்டும். கண் திறந்த பகுதியில் அது தணிந்திருக்க வேண்டும். முகடு 9-லும் இருக்கலாம், 11-லும் இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும். பின்மண்டையிலும் காதுக்குப் பின்னாலும் நன்றாகத் தெரியும், நெற்றியில் மங்கலாகத்தான் வரும். மூன்று சுற்றிலும் இது திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் கருவி மூளையை அளக்கிறது என்று நம்பலாம். சிலருக்கு ஆல்ஃபா இயல்பாகவே குறைவு. எனவே முகடு வராவிட்டால் இன்னொருவருக்கு மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கருவியைக் குறை சொல்லுங்கள்.

எதைக் கட்டுப்படுத்தலாம்

மூளை அலையால் கணினியை இயக்குவதைக் குறிக்கும் மூளை-கணினி இடைமுகம் என்ற சொல்லை 1973-ல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ பல்கலைக்கழகத்தில் ஜாக் விடால் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் வெளியிலிருந்து அளக்கும் கருவிகளில் நம்பகமாக ஓடும் வழிகள் சிலவே.

தொடங்குபவருக்குச் சுலபமானது மினுக்கும் கட்டம். திரையில் ஒரு கட்டம் நொடிக்கு 10 முறையும் மற்றொன்று 12 முறையும் மினுக்கட்டும். எதைப் பார்க்கிறீர்களோ அதே அதிர்வெண் பின்மண்டையில் எழும். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 60-ஐ முழு எண்ணால் வகுத்து வருவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: 10, 12, 15. 11 என்று கேட்டால் திரையால் சீராகத் தர முடியாது, முகடு சிதறிப்போகும். வலிப்பு வந்தவர்களும், மினுக்கும் ஒளியைக் கண்டால் தலை சுற்றுபவர்களும் இதைச் செய்யவே கூடாது.

பி300 என்பது எதிர்பார்த்திருந்த எழுத்து மின்னும்போது சுமார் 300 மில்லிநொடி கழித்து உச்சிப்பகுதியில் எழும் மேடு. 1988-ல் ஆய்வாளர்கள் ஃபார்வெல்லும் டான்சினும் ஆறுக்கு ஆறு எழுத்துக் கட்டத்தை வைத்து இதனால் தட்டச்சு செய்து காட்டினார்கள். மேடு சில மைக்ரோவோல்ட்தான், பின்னணி அலையோ அதைவிடப் பெரியது. அதனால் பல முறை மின்னவைத்துச் சராசரி எடுக்கிறார்கள். 25 முறை எடுத்தால் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகும். இங்கே புளூடூத் காலை வாரும். தாமதம் ஒவ்வொரு முறையும் சில பத்து மில்லிநொடி மாறினால், சராசரியில் மேடு தேய்ந்து காணாமல் போகும்.

கை அசைவுக் கற்பனை மூன்றாவது. வலது கையை அசைப்பதாக நினைத்தால் இடது சி3-ல் 10 ஹெர்ட்ஸ் அலை குறையும். பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பிறகும் எல்லோருக்கும் வசப்படுவதில்லை.

"கவனம்" எண்ணுக்கு வருவோம். அது செயலி தயாரித்தவர் வைத்த சூத்திரம். பெரும்பாலும் எந்த அலை எவ்வளவு என்ற விகிதங்களிலிருந்து பிறப்பது, சூத்திரம் வெளியே சொல்லப்படுவதில்லை. யோசிக்கும்போது பலர் தம்மை அறியாமல் புருவம் சுளிப்பார்கள், சுளித்தால் பீட்டா ஏறும். ஒருவரின் 72-ஐ மற்றவரின் 60-உடன் ஒப்பிட்டு யாருக்குக் கவனம் அதிகம் என்று சொல்வதில் பொருளில்லை. வகுப்பறையில் மாட்டிவிட்டு மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவது அதைவிட மோசம். தூக்கத்தைப் பதிவு செய்வதில் இதே பட்டைகள் ஓரளவு மேலானவை. ஆழ்ந்த தூக்கத்தின் மெது அலைகள் 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும், இமைப்பும் தாடை இறுக்கமும் அப்போது குறைவு.

மாட்டுவதற்கு முன்

இந்தக் கருவிகள் தலைக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை, அளக்க மட்டுமே செய்யும். மின்சாரம் செலுத்தும் கருவிகள் வேறு இனம், அவற்றைச் சொந்தமாகக் கட்டிப் பார்க்கக் கூடாது. அளக்கும் கருவியைக்கூடச் சார்ஜ் ஏறும்போது மாட்டாதீர்கள். பலகையைக் கையால் கட்டுபவர்கள் பேட்டரியில் மட்டும் ஓட்டி, தரவை ரேடியோவில் அனுப்ப வேண்டும். சார்ஜரில் இருக்கும் கணினியோடு கம்பியால் இணைத்தால், சார்ஜரில் ஏற்படும் ஒரு கோளாறு நேராகத் தலைக்கு வரும். கருவியில் தெரியும் விசித்திரமான கூரலையைப் பார்த்து வலிப்பு என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம், ஒன்றும் தெரியவில்லையே என்று மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

அலை எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். சிலி நாடு 2021-ல் மூளைத் தரவுக்குப் பாதுகாப்பு அளிக்கத் தன் அரசியலமைப்பையே திருத்தியது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024-ல் நரம்புத் தரவைத் தனியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. உங்கள் செயலியின் அமைப்புகளில் மூல அலை சாதனத்திலேயே இருக்கிறதா, மேகச் சேமிப்புக்குப் போகிறதா, கணக்கை அழித்தால் அதுவும் அழியுமா என்று மூன்றையும் முதல் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.